கூடையில் கொழுந்து இல்லை, டீச்சர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஹட்டன் பக்கத்துத் தந்தை ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். மகளின் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று பாடவேளைகளைப் படம் போட்டே கழித்துவிடுகிறார்கள், கேட்டால் ஆவணப்படம் என்கிறார்கள், படம் பார்ப்பதற்கு வீட்டிலேயே கைத்தொலைபேசி இருக்கிறதே, அதற்காகப் பிள்ளை ஏன் மழையில் நனைந்து மலை இறங்கிப் போக வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் தலவாக்கலைப் பக்கத்தில் புவியியலும் வரலாறும் கற்பிப்பவள். படம் போட்டுக் காட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே அவருக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரி.

படம் எப்படி ஓட்டப்படுகிறது என்பது உள்ளே இருக்கிற எங்களுக்குத் தெரியாதா என்ன? ஓர் ஆசிரியர் லீவு. அந்த வகுப்புக்குப் போக ஆள் இல்லை. சத்தம் பக்கத்து வகுப்புக்குப் போகிறது. அதிபர் வாசலில் வந்து நிற்கிறார். உடனே பிள்ளைகளைப் புரொஜெக்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், கையில் அகப்பட்ட படத்தைப் போட்டுவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்து தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்துகிறோம். நானும் செய்திருக்கிறேன். எரிமலைகளைப் பற்றிய ஐம்பத்திரண்டு நிமிட ஆங்கிலப் படம் ஒன்றை, இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துப் போட்டேன். முப்பது தாள்கள் திருத்தி முடித்தேன். விளக்கைப் போட்டுவிட்டு, "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். முன்வரிசைப் பையன் எழுந்து, "நெருப்பு, டீச்சர்" என்றான். அதற்கு மேல் சேர்த்துச் சொல்ல வகுப்பில் யாரிடமும் எதுவும் இல்லை. அந்த ஒரு சொல்லுக்கு எண்பது நிமிடம்.

அன்று எனக்கு என் சிறுவயது ஞாபகம் வந்தது. நான் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவள். ஒரே அறையில் ஐந்து வகுப்புகள் நடக்கிற தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எனக்கு ஏழோ எட்டோ வயதிருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் ஜீப் ஒன்று, ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்தது. வெள்ளை வேட்டியைப் போலப் பெரிய துணி ஒன்றைக் கட்டி, ஜெனரேட்டரை ஓட விட்டு, சுகாதாரத்தைப் பற்றிப் படம் காட்டினார்கள். பேச்சு எங்களுக்கு விளங்காத பாஷை. கணக்குப்பிள்ளை பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். படத்தில் ஒருவர் கை கழுவினால் இவர், "வேலைக்கு நேரத்துக்கு வராவிட்டால் அரைப்பேர்தான் என்று சொல்கிறார்" என்பார். அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். அவர் அப்படிச் சொன்னது வேண்டுமென்றுதான் என்று அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். படம் எனக்கு ஒன்றுமே நினைவில்லை. பெற்றோல் மணமும் கணக்குப்பிள்ளையின் குரலும் மட்டும் இருக்கின்றன.

எரிமலைக்குப் பிறகு நான் படம் போடுவதையே விட்டுவிட்டேன். மறுபடி தொடங்க வைத்தது மழை.

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும். தகரக் கூரை. சுவர்கள் இடுப்பளவு, அதற்கு மேல் கம்பி வலை. வெளிச்சம் நாலாபக்கமும் உள்ளே வரும்; புரொஜெக்டர் போட்டால் சுவரில் பேய் அசைவது போலத்தான் தெரியும். பெரிய வகுப்புப் பையன்கள் வீட்டிலிருந்து பழைய படங்குத் துணிகளையும் கொழுந்துச் சாக்குகளையும் கொண்டுவந்து வலையில் கட்டி மூலை அறை ஒன்றை இருட்டாக்கித் தந்தார்கள். தென்மேற்குப் பருவமழை இறங்கிய ஜூன் மாதம் ஒரு நாள், ஆறுகள் பள்ளத்தாக்கை வெட்டுவது பற்றிய பதினைந்து நிமிடப் படம் ஒன்றைப் போட்டேன். மூன்றாம் நிமிடத்தில் மழை கூரையில் கொட்டத் தொடங்கியது. தகரக் கூரைக்குக் கீழே மலைநாட்டு மழையைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. ஸ்பீக்கரை உச்சத்துக்கு வைத்தும் பயனில்லை. சலித்துப்போய்ப் படத்தை அப்படியே நிறுத்தினேன். திரையில் ஓர் ஆற்று வளைவு உறைந்து நின்றது.

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் எதையாவது கேட்டாக வேண்டும். ஒரு பிள்ளையைக் கிட்டே அழைத்து, "இந்த வளைவில் எந்தப் பக்கம் ஆழம்?" என்று காதருகில் கேட்டேன். அவள் திரைக்குப் போய் வெளிப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். எப்படித் தெரியும் என்றேன். குளிக்கிற இடத்தில் அப்படித்தான் இருக்கிறது, உள்பக்கம் மணல், வெளிப்பக்கம் அண்ணன்மார் குதிக்கிற இடம் என்றாள். பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். ஒருவன் சென் கிளேயர் அருவியைப் பற்றிக் கேட்டான். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் ஓடத் தொடங்கிய பிறகு அந்த அருவியில் முன்பு போலத் தண்ணீர் விழுவதில்லை. அவனுடைய தாத்தா அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துக்கொள்வாராம். தண்ணீர் எங்கே போனது, 150 மெகாவோற் மின்சாரம் எந்தப் பக்கம் போனது என்று பேச்சு வளர்ந்தது. பேச்சென்றாலும் எல்லாம் சைகையும் கத்தலும்தான். மணி அடித்தது எனக்குக் கேட்கவில்லை. படத்தில் பன்னிரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அதை இன்றுவரை நான் போடவில்லை.

அந்தத் தந்தைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். கைத்தொலைபேசியில் பிள்ளை பார்க்கிற படம் நிற்காது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். வகுப்பில் படத்தை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், பேச்சை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பேசச் சொல்லலாம். நாற்பது நிமிடப் பாடவேளையில் எட்டு நிமிடத்துக்கு மேல் நான் இப்போது காட்டுவதில்லை. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை முதல்நாள் இரவே பார்த்துத் தாளில் குறித்துக்கொள்கிறேன். அதற்கு எனக்கு ஒரு மணித்தியாலம் ஆகிறது, சில நாட்களில் இரண்டு. படம் போட்டால் ஆசிரியருக்கு வேலை மிச்சம் என்று நினைப்பவர்கள் ஒரு முறை செய்து பார்க்கட்டும்.

தேயிலையைப் பற்றி ஒரு படம் காட்டினேன். வெளிநாட்டுக்காரர்களுக்காக, நம் தேயிலையை விற்பதற்காக எடுத்த படம். எந்தக் கம்பனியுடையது என்பது இங்கே வேண்டாம். பனி விலகுகிறது, மலை பச்சையாக விரிகிறது, குழலிசை கேட்கிறது, சிவப்புச் சேலையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கொழுந்து பறிக்கிறாள். எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் ஒரே பெருமை. நம் மலை டீச்சர், நம் மலை. நான் நிறுத்தினேன். "யாராவது எதையாவது கவனித்தீர்களா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். பிறகு ஒரு பெண் பிள்ளை, "கூடையில் கொழுந்து இல்லை, டீச்சர்" என்றாள். திரும்ப ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான். அடியில் ஒரு கைப்பிடி கிடந்தால் அதிகம். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர். கூடை நிறைந்தால் தலையில் இருக்கிற பட்டி நெற்றியை எப்படி இழுக்கும், கழுத்து எப்படி முன்னால் போகும் என்பது அவளுக்குத் தெரியும். படத்தில் வந்த பெண்ணின் கழுத்து நேராக இருந்தது. அதன் பிறகு ஆளாளுக்குத் தொடங்கிவிட்டார்கள். இடுப்பில் படங்கு இல்லை. மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணி இல்லை. சேலை நனையவே இல்லை. காலில் அட்டைக்குப் பூசிய சவர்க்காரத்தைக் காணோம். நிறுக்கிற இடத்தைக் காட்டவில்லை. ஒரு பையன், "முகத்தைக் காட்டுகிறார்கள், கையைக் காட்டுகிறார்கள், காலைக் காட்டவே இல்லையே" என்றான். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. அந்தப் படம் முழுவதிலும் ஒரு காலும் இல்லை.

இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவள் நான். தேயிலை ஏற்றுமதியைப் பற்றி எத்தனை குறிப்பு எழுதிக் கொடுத்திருப்பேன்! இந்தப் பிள்ளைகள் அன்று கேட்ட கேள்விகளை ஒரு குறிப்பும் எழுப்பியதில்லை. யார் எடுத்த படம், யாருக்குக் காட்ட எடுத்த படம், யார் காசு கொடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பிள்ளைகளாகவே கேட்டார்கள். தினமும் கைத்தொலைபேசியில் கண்டதையும் நம்புகிற வயதில் இந்த நான்கு கேள்விகளும் கையில் இருந்தால் போதாதா?

அதற்கடுத்த கிழமை பழைய படம் ஒன்றைக் காட்டினேன். 1934இல் பேசில் ரைட் என்ற ஆங்கிலேயர், இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்'. உலகமெங்கும் ஆவணப்படம் படிப்பவர்கள் பார்க்கிற படம். முழுவதும் ஏறக்குறைய நாற்பது நிமிடம், எங்கள் ஒரு பாடவேளை. நான் காட்டியது அதன் மூன்றாம் பகுதியிலிருந்து ஆறு நிமிடம். கொழுந்து பறிக்கிற பெண்களைக் காட்டும்போது மேலே வியாபாரக் குரல்கள் ஒலிக்கின்றன, விலையும் சரக்கும் சந்தையும். பறிக்கிறவர்கள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அழகான படம், அதில் சந்தேகமில்லை, எனக்குப் பிடிக்கும். பிள்ளைகளுக்கும் பிடித்தது, ஒரு பையன் அந்தக் காலத்துக் கூடையைப் பார்த்துவிட்டு இதையேதான் இன்னும் தூக்குகிறோம் என்றான். அந்தப் படத்துக்குப் பின்னணி வாசகமாக எடுத்துக்கொண்டது ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலை. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது வருடம் சிறைப்பட்டிருந்தவர் அவர். இதைச் சொன்னதும் ஒரு பிள்ளை, "நொக்ஸ் இருந்தபோது நாங்கள் எங்கே இருந்தோம்?" என்று கேட்டாள்.

அந்த ஒரு கேள்விக்கு இரண்டு பாடவேளை போயிற்று. அப்போது இங்கே தேயிலையும் இல்லை, கோப்பித் தோட்டமும் இல்லை. 1820களில் கோப்பிக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியது, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தது, வழியில் செத்தவர்கள், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது, 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு சின்னப் படத்துண்டு மிகவும் உதவியது. கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் பரவுவதை நாட்கணக்கில் எடுத்து, அரை நிமிடமாகச் சுருக்கிக் காட்டுகிறார்கள். புத்தகத்தில் "நோய் பரவியது" என்று இரண்டு சொல்லில் முடிகிற காரியம் அது. மறுநாள் மூன்று பிள்ளைகள் லயத்துக்குப் பின்னால் நிற்கிற கோப்பி மரத்திலிருந்து இலை பறித்துக்கொண்டு வந்திருந்தார்கள். இரண்டு இலைகளில் அதே தூள். விரலில் ஒட்டியது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தைக் கவிழ்த்த சங்கதி என்று சொன்னால், விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

நடுவில் ஒரு விஷயம். சினிமா பிறந்ததே தொழிலாளரைக் காட்டித்தான். 1895 டிசம்பர் 28ஆம் திகதி பாரிசில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய முதல் படம், அவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து வேலையாட்கள் வெளியே வருவது. ஒரு நிமிடம்கூட வராது. பெரும்பாலும் பெண்கள். அதைப் போட்டவுடன் எங்கள் பிள்ளைகள், "ஸ்டோர் விட்டு வருகிறார்கள்" என்றார்கள். ஸ்டோர் என்றால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை. உடுப்பைப் பார்த்தால் சம்பள நாள் போலிருக்கிறது என்றாள் ஒருத்தி. அந்தக் காட்சியை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எடுத்திருக்கிறார்கள், மூன்று விதமாகக் கிடைக்கிறது என்றேன். "அப்படியென்றால் வெளியே வந்தவர்களைத் திரும்ப உள்ளே போகச் சொன்னார்களா?" என்று கேட்டாள். அவளுக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

இனி மொழி. இதை அதிகாரிகள் யாராவது படித்தால் நல்லது. தமிழில் கிடைக்கிற விஞ்ஞானப் படங்களில் மிகுதியானவை தமிழ்நாட்டில் குரல் கொடுத்தவை. குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே 'செல்' என்பது இங்கே கலம். அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். நைட்ரஜன் என்பது நைதரசன். ஒளிச்சேர்க்கை என்று அவர்கள் சொல்வது நம் பாடப்புத்தகத்தில் ஒளித்தொகுப்பு. நிலச்சரிவு அங்கே, மண்சரிவு இங்கே. எங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டிய பின் தவணைப் பரீட்சை வைத்தார். ஒரு பிள்ளை கலச்சுவர் என்று எழுத வேண்டிய இடத்தில் செல்சுவர் என்று எழுதியிருந்தது. புள்ளி கொடுப்பதா வேண்டாமா என்று ஆசிரியர் அறையில் அரை நாள் வாக்குவாதம். பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் தாள் திருத்துகிறவர் என்ன செய்வார் என்பதில்தான் சந்தேகம். இப்போது எங்கள் விஞ்ஞான ஆசிரியர் படத்துக்கு முன் கரும்பலகையில் இரண்டு நிரல் போட்டு, படத்தில் வரும் சொல், புத்தகத்தில் வரும் சொல் என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறார். பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. படத்தில் வேறு சொல் வந்தவுடன் கை உயரும்.

மண்சரிவு என்றேன். எனக்கு மறக்க முடியாத பாடம் அது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது நம் வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். என் வகுப்பில் இப்போது இருக்கிற பிள்ளைகள் அப்போது கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. வெளிநாட்டில் எடுத்த ஒன்பது நிமிடப் படம் ஒன்று கிடைத்தது. சரிவு விழுவதைக் காட்டுகிற படம் அல்ல. விழுவதற்கு முன் ஒரு மலை என்னென்ன செய்யும் என்பதைக் காட்டுவது. நிலத்தில் பிறை போல வெடிப்பு. மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்வது. கதவு சட்டத்தில் சிக்குவது. இல்லாத இடத்தில் ஊற்று வருவது, இருந்த ஊற்று வற்றுவது, தெளிந்த தண்ணீர் கலங்குவது. ஒவ்வொன்றிலும் நிறுத்தி, நம் ஊரில் இப்படிப் பார்த்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். பெரும்பாலும் இல்லை என்றார்கள். தண்ணீர் கலங்குவதில் நிறுத்தியபோது தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து வருகிற பிள்ளை கையைத் தூக்கினாள். அவர்களுடைய பீலியில் மூன்று நாட்களாகத் தண்ணீர் சிவப்பாக வருகிறதாம். மழை பெய்தால் கலங்கும்தானே என்றேன். மழை விட்டு நான்கு நாள் ஆகிறது, டீச்சர் என்றாள்.

பாடத்தை அதோடு விட்டுவிட்டேன். அதிபரிடம் சொன்னோம். அவர் கிராம உத்தியோகத்தருக்குச் சொன்னார். இரண்டு நாளில் ஆட்கள் வந்து மேலே ஏறிப் பார்த்தார்கள், பற்றைக்குள் வெடிப்பு இருந்தது. அந்த மழைக்காலம் முடியும்வரை ஏழு குடும்பங்கள் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் படுத்தன. மலை விழவில்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் விழாததால், டீச்சர் படம் போட்டுக் காட்டிச் சனங்களைப் பயமுறுத்திவிட்டார் என்று இரண்டொருவர் கடையடியில் பேசினார்கள். ஒரு பாட்டி மண்டபத்தில் குளிர் தாங்காமல் எனக்கு நேராகவே திட்டினார். திட்டட்டும்.

அதிலிருந்து எங்கள் வகுப்பில் மழைமானி இருக்கிறது. பிளாஸ்டிக் போத்தலை வெட்டிக் கவிழ்த்துப் பிள்ளைகளே செய்தது. காலை எட்டு மணிக்கு அளந்து கரும்பலகையின் மூலையில் எழுதுவார்கள். இருபத்துநான்கு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு அந்தப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். பரீட்சையில் இது வராது. வந்தால் எல்லோரும் எழுதுவார்கள்.

பார்த்துப் பார்த்து, கடைசியில் எடுக்கவும் தொடங்கிவிட்டார்கள். வரலாற்றுப் பாடத்துக்கு ஒப்படையாக, வீட்டிலுள்ள வயதானவர் ஒருவரைப் பத்து நிமிடத்துக்குள் கைத்தொலைபேசியில் பதிவு செய்யச் சொன்னேன். 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தைக் கற்பித்துக்கொண்டிருந்த நேரம். இங்கே இருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேர், அதில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் எழுதிக் கையெழுத்திட்ட கணக்கு. பிள்ளைகள் இதைக் கூட்டல் கழித்தல் கணக்காகத்தான் எழுதிவைத்திருந்தார்கள்.

ஒரு பிள்ளை தன் அம்மாயியைப் பதிவு செய்து வந்தாள். படம் ஆடுகிறது, நடுவில் சேவல் கூவுகிறது, பாதி முகம் வெளிச்சத்தில் வெந்துபோயிருக்கிறது. அம்மாயி தன் அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போன கதையைச் சொல்கிறார். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றி விட்டது, தலைமன்னாரில் கப்பல் ஏறியது, நீலகிரியில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை கிடைத்தது என்று ஒரு கடிதம் வந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, "அடுப்பில் பால் பொங்குகிறது" என்று எழுந்து போய்விடுகிறார். பிள்ளைக்குப் பதிவை நிறுத்தத் தோன்றவில்லை. நாற்பது விநாடி வெறும் நாற்காலி. பிறகு அம்மாயி திரும்பி வந்து, அண்ணனை விட்டுவிட்டு, 1973, 74இல் மாவும் அரிசியும் இல்லாமல் பஞ்சத்தில் கிடந்ததைச் சொல்லத் தொடங்குகிறார்.

அந்த நாற்காலியை வெட்டிவிடட்டுமா என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து, முன்பு தேயிலைப் படத்தில் காலைத் தேடிய அதே பையன், "வெட்டாதே, பாட்டி பால் பார்க்கப் போகவில்லை" என்றான்.

எரிமலைப் படத்தில் நெருப்பை மட்டும் பார்த்த வகுப்பல்ல அது என்பது உண்மைதான். அவர்கள் இப்போது உயர்தரம் முடித்துவிட்டார்கள். என்றாலும் பிள்ளைகள் எப்போதும் ஒரே மாதிரிதான். மாறியது நான் படம் போடுகிற விதம்.

வலயக் கல்வி அலுவலகங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பெரிய தொடுதிரைப் பலகைகள் வந்தால் சந்தோஷம். ஆனால் அதற்கு முன் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வேண்டும். இரண்டாவது, பத்து நிமிடத்துக்கு உட்பட்ட படத்துண்டுகளைப் பாட அலகுக்கு ஒன்றாகத் தெரிவுசெய்து, நம் பாடப்புத்தகச் சொற்களில் குரல் கொடுத்து, பென் டிரைவில் பள்ளிக்கூடங்களுக்குத் தர வேண்டும்; இணைய வழியில் என்றால் எங்கள் மலைக்கு சிக்னல் வருகிற நாளில்தான் பாடம் நடக்கும். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளை நாம் மறந்துவிட்டோமா? குரல் கொடுக்க ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிக்கிற ஆசிரிய மாணவர்கள் பலர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஆளுக்கு ஒரு படத்துண்டைக் கொடுத்தால் ஒரு வருடத்தில் அலுமாரி நிறைந்துவிடும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. முழுப்படத்தையும் காட்டாவிட்டால் பாவம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

கடிதம் எழுதிய அந்தத் தந்தையின் பெயரை நீங்கள் முழுதாகப் போடவில்லை, அது நல்லதுதான். அவர் எந்தப் பள்ளிக்கூடத்துப் பெற்றோராக இருந்தாலும் சரி, ஒரு நாள் வேலைக்கு லீவு போட முடிந்தால் எங்கள் வகுப்புக்கு வரட்டும். அதிபரிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை நான்காம் பாடவேளை, பத்து ஐம்பதுக்குத் தொடங்கும். பின்வரிசையில் இடம் இருக்கிறது, ஆனால் பாதியில் முன்னால் எழுந்து வர வேண்டியிருக்கும். மழை பெய்தால் ஒன்றும் கேட்காது. குடையை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியை ஒருத்தி,
தலவாக்கலை